கீழே வைக்கக் கூடாத பை

வெளிநாட்டில் இருந்த ஆள் என்று சொன்னால் சீனிச்சாமி ஒத்துக்கொள்ள மாட்டார். "நேபாளமெல்லாம் ஒரு வெளிநாடா? விசா கிடையாது, பிளேன் கிடையாது. ரயில்ல போயி எறங்கி, ஒரு வளைவுக்குள்ள நொழைஞ்சா வெளிநாடு. நம்ம கூடலூரத் தாண்டி குமுளிக்குப் போற மாதிரிதான்" என்பார். அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் பதினாறு வருடமாக முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

உத்தமபாளையத்துக்குக் கிழக்கே அவர் ஊர். அப்பா வைத்துவிட்டுப் போன திராட்சைப் பந்தல் கொஞ்சம் இருந்தது. பிஞ்சு விடும் நேரத்தில் ஒரு வருடம் மழை பெய்து கெடுத்தது, மறு வருடம் செவட்டை நோய் வந்து இலையெல்லாம் கருகியது. அதற்கடுத்த வருடம் காய் நன்றாக வந்தது, விலை வரவில்லை. பந்தல் கல்லைப் பிடுங்கி விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவரை அக்கா வீட்டுக்காரர் முத்துராஜாதான் இழுத்துக்கொண்டு போனார். முத்துராஜா அதற்கு முன்பே உசிலம்பட்டிக்காரர்களோடு பீகாரில் முறுக்குக் கம்பெனியில் வேலை பார்த்துத் தொழில் பழகியிருந்தார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, இரண்டு அடுப்பு, ஒரு மாவு மெஷின், நாலைந்து ஆள். அதுதான் கம்பெனி. எந்த ஊரில் நம் ஆட்கள் இன்னும் அடுப்பு வைக்கவில்லையோ அங்கே போய் வைக்க வேண்டும் என்பதுதான் தொழில் தர்மம். அப்படித் தள்ளித் தள்ளிப் போனதில் பீகார் முடிந்து நேபாளம் வந்துவிட்டது. போக்ராவில் போய் அடுப்பு மூட்டினார்கள்.

சீனிச்சாமிக்கு அடுப்படி, மச்சானுக்கு லைன். லைன் என்றால் முறுக்குப் பாக்கெட்டைப் பைக்கில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போடுவது. மச்சானுக்கு வாய் உண்டு. இந்தி, நேபாளி எல்லாம் பேசுவார். மலைமேல் இருக்கிற பெட்டிக்கடைக்காரிகள்கூட அவரை அண்ணன் என்று கூப்பிடுவார்கள். சீனிச்சாமிக்கு எண்ணெய்ச் சட்டியைத் தவிர வேறு யாரோடும் பேச்சு கிடையாது. இந்தி புரியும், தட்டுத் தடுமாறிப் பேசுவார், படிக்கத் தெரியாது. ஊருக்கு வருவதும் போவதும் எப்போதும் மச்சானோடுதான். டிக்கெட் எடுப்பது, இடம் பிடிப்பது, போலீஸ்காரன் பையைக் கிளறினால் சிரித்துப் பேசிச் சமாளிப்பது எல்லாம் மச்சான் வேலை. சீனிச்சாமி பின்னாலேயே போவார். அவர் தனியாக ஒரு தூரப் பஸ்ஸில் போனதே இல்லை. முதல் தடவை தனியாகப் போனபோது மச்சானும் கூடத்தான் இருந்தார், ஒரு மண்கலயத்துக்குள்.

தசைன் பண்டிகைக்கு நேபாளமே ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வாரம் அது. காலையில் பைக்கில் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்த முத்துராஜா, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குடா மாப்ள" என்று படியில் உட்கார்ந்தார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. உடலை ஊருக்குக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று மிச்சம் இருந்த ஆட்கள் விசாரித்தார்கள். பெட்டி, ஐஸ், தூதரகம், கையெழுத்து என்று கேட்டவுடனேயே அது நம்மால் ஆகாத காரியம் என்று தெரிந்துபோனது. சீனிச்சாமிதான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா இருளம்மாளிடம் சொன்னார். "அங்கனயே எரிச்சிரு. ஆனா அவுகள அங்கனயே விட்டுட்டு வந்துராத" என்றாள்.

அங்கே வழக்கம் வேறு. ஆற்றங்கரையில் எரிப்பார்கள், எரிந்து முடிந்ததும் எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளிவிட்டுத் தலைமுழுகிவிடுவார்கள். சீனிச்சாமி அந்தச் சிதை பார்க்கிற ஆளின் கையைப் பிடித்துக் கெஞ்சி, சூடு ஆறாத எலும்பைப் பொறுக்கி, சின்ன மண்கலயத்தில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டினார். மச்சானுடைய ஜிப் வைத்த ரெக்சின் பையிலேயே அதை வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் துண்டைத் திணித்தார். மறுபடியும் இருளம்மாளின் போன் வந்தது.

"ஏலே சீனி, நல்லாக் கேட்டுக்க. அவுகள எங்கனயும் கீழ வச்சிராத. யார் வீட்டுக்குள்ளயும் கொண்டு போகாத. மடியிலயோ தோள்லயோ இருக்கணும். எம் மகன் சுரேஷ்கண்ணன் கையால சுருளி ஆத்துல கரைக்கணும். அதுவரைக்கும் தரையில படக் கூடாது."

"சரிக்கா."

"சரிங்காத. செய்யி."

சொல்வது சுலபம். போக்ராவிலிருந்து எல்லைக்கு நேர் பஸ்ஸில் இடமே இல்லை, பண்டிகைக் கூட்டம். நாராயண்காட் வரை ஒரு பஸ், அங்கிருந்து புட்வலுக்கு ஒன்று, அங்கிருந்து எல்லைக்கு ஒன்று, பிறகு கோரக்பூரில் ரயில் என்று கம்பெனி ஆட்கள் சொல்லி அனுப்பினார்கள். விடிந்ததும் கிளம்பியாயிற்று. மச்சான் செத்ததிலிருந்து சீனிச்சாமி கண்ணை மூடவில்லை. ரோடு என்று அதைச் சொல்லக் கூடாது. மலையை வெட்டிப் போட்ட மண்மேட்டில் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பையைத் தூக்கித் தூக்கிப் பிடித்ததில் கை இரண்டும் மரத்துவிட்டது. டீக்கடையில் நிறுத்தியபோது எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அவர் பையைக் கட்டிக்கொண்டு நின்றே குடித்தார். ஒன்றுக்குப் போகும்போது கழுத்தில் மாட்டிக்கொண்டார். 'மச்சான், உசிரோட இருந்தப்பக்கூட நீ இவ்வளவு கனம் இல்லய்யா' என்று மனதுக்குள் திட்டினார். திட்டியதும் அழுகை வந்தது. அழுதாலும் கண்ணைத் துடைக்கக் கை சும்மா இல்லை.

நாராயண்காட்டில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. அப்படி ஒரு கூட்டத்தை அவர் வீரபாண்டித் திருவிழாவுக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறார். மூட்டை, ஆடு, சைக்கிள், பிள்ளை குட்டி எல்லாமே ரோட்டில். கவுண்டரில் கேட்டால் புட்வலுக்கு டிக்கெட் இல்லை என்று கையை ஆட்டினார்கள். ஒரு பஸ் வந்தது, ஏற முடியவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. தூக்கமில்லாத கண்ணுக்கு முன்னால் எல்லாமே மிதந்துகொண்டிருந்தது.

மூன்றாவதாக ஒரு பச்சை பஸ் வந்து நின்றது. பாதி ஜன்னல்கள் திறந்திருந்தன. கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தேனி பஸ் ஸ்டாண்டிலோ கம்பம் பஸ் ஸ்டாண்டிலோ வளர்ந்தவனுக்குப் பஸ் நிற்கும் முன்பே கை வேலை செய்ய ஆரம்பித்துவிடும். துண்டோ, கைக்குட்டையோ, டிபன் கேரியரோ ஜன்னல் வழியாக சீட்டில் விழ வேண்டியதுதான். விழுந்துவிட்டால் அது உன் இடம். அப்புறம் நீ நிதானமாக வாசல் வழியாக வந்து உட்காரலாம். எந்த ராஜாவாக இருந்தாலும் "ஆள் வருது" என்றால் தள்ளித்தான் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் எவனும் இதை யோசித்துச் செய்வதில்லை. சீனிச்சாமியும் யோசிக்கவில்லை. கை செய்தது. பை ஜன்னல் வழியாக உள்ளே போனது.

போன பிறகுதான் மூளைக்குத் தகவல் வந்தது.

"ஐயோ" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாசலில் நின்ற கண்டக்டர், எல்லாம் முன்பதிவு, டிக்கெட் இருக்கிறதா என்று நேபாளியில் கேட்டான். சீனிச்சாமிக்கு அந்த நேரம் பார்த்து இந்தியும் வரவில்லை, நேபாளியும் வரவில்லை. "பை, எம் பை, உள்ள மச்சான்" என்று தமிழில் கத்தினார். கண்டக்டர் கதவை அடைத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். பஸ் நகர்ந்தது. ஜன்னலில் ஒரு பெண் பையை வெளியே நீட்டி என்னவோ கூப்பிடுவது தெரிந்தது. சீனிச்சாமி ஓடினார். ஜவுளிக்கடை வரை ஓடினார், பாலம் வரை ஓடினார். பாலத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் இருளம்மாளிடமிருந்து போன். பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்து ஓய்ந்தது. உன் புருசனை இடம் பிடிக்கிற துண்டாக்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

எழுந்து, போகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டினார். பண்டிகைக்கு வெட்ட ஆடு ஏற்றிக்கொண்டு போன ஒரு பிக்கப் வண்டிக்காரன் மட்டும் நிறுத்தினான். முன்னால் இடமில்லை, பின்னால் ஏறு என்றான். ஆடுகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் சீனிச்சாமி. கை இரண்டும் இப்போது சும்மா இருந்தன. அந்தச் சும்மாவைத்தான் தாங்க முடியவில்லை. சுருளியில் அக்கா மகன் மொட்டை அடித்து ஈர வேட்டியோடு கையை ஏந்தி நிற்பதும், தான் வெறுங்கையோடு நிற்பதும் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. அப்படிப் போவதற்கு இந்த ஆட்டோடு ஆடாக வெட்டுப்பட்டுவிடலாம் என்று தோன்றியது.

தவுன்னே என்று ஒரு மலை ஏற்றம். மழையில் சரிந்த மண்ணை இன்னும் அள்ளி முடியவில்லை. அங்கே போனதும் பிக்கப் நின்றுவிட்டது. முன்னால் லாரியும் பஸ்ஸுமாக, வளைவுக்கு அந்தப் பக்கம் வரை வரிசை. எல்லோரும் இறங்கி நின்று ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சீனிச்சாமி மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டிக்காரனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி நடந்தார்.

பச்சை பஸ் என்பதைத் தவிர வேறு அடையாளம் தெரியாது. அந்த வரிசையில் பச்சை பஸ்ஸுக்கா பஞ்சம்! ஒவ்வொன்றிலும் ஏறி எட்டிப் பார்த்தார். ஆட்டு வாடையோடு தாடியும் மீசையுமாகப் புழுதி அப்பிய ஒருவன் உள்ளே வந்து முறைத்துப் பார்த்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? விரட்டினார்கள். இறங்கி அடுத்ததற்குப் போனார். சேற்றில் செருப்பு ஒன்று போய்விட்டது. திரும்பி எடுக்கக் குனிந்தால் நிமிர முடியாது என்று அதை விட்டுவிட்டார். ஏற்றம், மூச்சு வாங்கியது. காலை எடுத்து வைப்பதற்கே ஒவ்வொரு தடவையும் உடம்பிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

வளைவு திரும்பியதும் நின்ற பச்சை பஸ்ஸில் ஏறினார். அந்தக் கண்டக்டரேதான். அவனுக்குப் பின்னால், இடது பக்க ஜன்னலோர சீட்டில், சால்வையை நெற்றி வரை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பை அவள் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சீனிச்சாமி அப்படியே நின்றுவிட்டார். கண்டக்டர் "யார் நீ?" என்றான். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பெண் சொன்னாள், "என் கொழுந்தன். நாராயண்காட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டான்."

சீனிச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கண்டக்டர் ஒதுங்கி வழிவிட்டான். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து, உட்காரச் சொல்லி இடம் கொடுத்தார். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அவர் உட்கார்ந்தார். பையை அவள் எடுத்து அவர் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் தொடையை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.

"கீழே வைக்கவில்லை" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னாள். "ஜன்னல் வழியாக என் மடியில்தான் விழுந்தது. எங்களிலும் சில பேர் கங்கைக்குக் கொண்டுபோவார்கள். எனக்குத் தெரியும்."

அவள் பெயர் தில்மாயா. புட்வலில் பிறந்த வீட்டுக்குப் பண்டிகைக்குப் போகிறாள். மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் மீதியையும் சொன்னாள். யாருடைய பை என்று பார்க்கக் கண்டக்டர் ஜிப்பைத் திறந்திருக்கிறான். வெள்ளைத் துணி கட்டிய கலயத்தைப் பார்த்ததும் பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டது. பண்டிகை நாளில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிற வண்டியில் பிணத்துச் சாம்பலா? நிறுத்து, ரோட்டோரம் ஏதாவது அரசமரத்தடியில் வைத்துவிட்டுக் கிளம்பு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கண்டக்டர் பையைத் தூக்கக் கை வைத்துவிட்டான்.

"அப்போதுதான் சொன்னேன், இது என் வீட்டுக்காரர் என்று."

சீனிச்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். முக்காட்டு ஓரத்தில், வகிட்டில், சிவப்பு தெரிந்தது. அவர்கள் தாலி மாதிரி போடும் கழுத்து மணியையும் கை வளையலையும் சால்வைக்குள் இழுத்து மூடியிருந்தாள். சால்வைக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

"அடப் பாவி மக்கா" என்று தமிழில் முனகினார். பிறகு இந்தியைத் தேடிப் பிடித்து, "ஏம்மா அப்படிச் சொன்னாய்? அண்ணன் என்று சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"அண்ணன் என்றால் வாதாடுவார்கள். புருஷன் என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். மூடிக்கொண்டார்கள், பாருங்கள்."

"உன் வீட்டுக்காரர்?"

"கத்தாரில் இருக்கிறார். கட்டட வேலை." கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "சொன்ன பிறகு இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலையில் இருப்பார்." அவளாகவே இன்னொரு தடவையும் சொன்னாள், "வேலையில்தான் இருப்பார்."

சாயங்காலத்தில்தான் மண்ணை ஒதுக்கி வழிவிட்டார்கள். புட்வல் வந்து சேரும் வரை தில்மாயா சால்வையை எடுக்கவில்லை. முன் சீட்டில் ஒரு அம்மாள் அவளுக்காக அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தில்மாயா தலையை இன்னும் குனிந்துகொண்டாள். சீனிச்சாமிக்குக் கண் சொக்கியது. மடியில் இருப்பது விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்து முழித்தார். மச்சான் கிடைத்துவிட்ட நிம்மதிகூட முழுதாக வரவில்லை. கூலி கேட்காமல் இப்படி ஒரு சுமையை ஒருத்தி தூக்கிக்கொண்டாளே என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

புட்வலில் இறங்கி, பஸ் போன பிறகுதான் அவள் சால்வையைத் தளர்த்தினாள். உடனே போனை எடுத்துக் காதில் வைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்து, மறுபடியும் போட்டாள். அதே நேரத்தில் சீனிச்சாமியின் போனும் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"ஏலே, காலையிலருந்து எத்தன தடவ கூப்புடுறேன்! எங்கன இருக்க? அவுக எங்க?"

"மடியில இருக்காகக்கா. தோள்ல, தோள்ல இருக்காக." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. இடம் பிடிக்கப் பையைப் போட்டதிலிருந்து ஆட்டு வண்டி, மலை, அந்தப் பிள்ளை சொன்னது வரை எல்லாவற்றையும் ரோட்டில் நின்றபடியே கொட்டிவிட்டார். "தப்புத்தான்க்கா. கை தன்னால செஞ்சிருச்சு. என்னய வைய்யி, வாங்கிக்கிறேன்."

திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"அந்தப் புள்ளயோட வீட்டுக்காரரு நல்லா இருக்காகளா?" என்றாள் இருளம்மாள்.

"தெரியலக்கா. கத்தார்ல இருக்காகளாம். போன எடுக்கல. அந்தப் புள்ள நின்னு போட்டுக்கிட்டே இருக்கு."

"அடக் கிறுக்குப் பயலே, அத விட்டுட்டு எங்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கிற! பக்கத்துல கடை இருக்கா? குங்குமம் வாங்கு. அவுக ஊருல என்ன வைப்பாகளோ அத வாங்கு. வளையலும் வாங்கு, செவப்பா. ஒங் கையால குடுத்துராத, நமக்குத் தீட்டு. கடைக்காரியக் குடுக்கச் சொல்லு. எம் புருசனுக்காக அது தாலிய வச்சுச் சொல்லியிருக்குடா. போனது என்னோட போகட்டும், அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. போ, போன வைக்காத, அப்புடியே போ."

பண்டிகைச் சமயம், ரோட்டோரம் எல்லாமே பொட்டு வளையல் கடைதான். சீனிச்சாமி ஒரு காலில் செருப்போடு தில்மாயாவைக் கூட்டிக்கொண்டு முதல் கடையில் போய் நின்றார். கடைக்காரப் பெண்ணிடம் விஷயத்தைப் பாதி இந்தியும் பாதி கையுமாகச் சொன்னார். தான் தொடக் கூடாது என்று இரண்டு கையையும் பைக்குப் பின்னால் மறைத்துக் காட்டினார். கடைக்காரி தில்மாயாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் சிவப்பு வளையலை எடுத்து அவள் கையில் போட்டுவிட்டாள். சிந்தூர டப்பாவைத் திறந்து நீட்டினாள். தில்மாயா ஒரு சிட்டிகை எடுத்தாள். வைத்த அவசரத்தில் பாதி மூக்கில் கொட்டியது.

வகிட்டில் வைத்து முடித்து, கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் போன் அடித்தது. எடுத்து ஒரு வார்த்தை சொன்னாள். அந்தப் பக்கம் ஆண் குரல் சலிப்போடு என்னவோ கேட்டது. இத்தனை தடவை ஏன் கூப்பிட்டாய் என்றுதான் கேட்டிருக்கும். தில்மாயா பதில் சொல்லாமல் கடைப் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னலே சத்தம்?" என்றாள் போனில் காத்திருந்த இருளம்மாள். "எடுத்துட்டாகளா?"

"எடுத்துட்டாகக்கா. பேசுறாக. நல்லாத்தான் இருக்காக."

"நல்லா இருக்கட்டும்" என்றாள் அவள். "நல்லா இருக்கட்டும்." மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்துபோனது. மச்சான் செத்ததிலிருந்து அக்கா அழுது சீனிச்சாமி கேட்டது அப்போதுதான். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும் வரை அந்த வளையல் கடை வாசலிலேயே நின்றார்.